வேலைக்கு நின்றவளை அனுப்பும்போது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டோடியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருநெல்வேலி ஜங்ஷன், ஸ்ரீவைகுண்டம், ஏரல் எல்லாம் வெள்ளக்காடு. தண்ணீர் வடிந்த பிறகு நம்மவர் வீடுகளில் ஒரு மஸ்அலா எழுந்தது. வீட்டு வேலைக்கு நிற்கும் பெண் பத்து நாள் வரவில்லை, அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா? அதற்குள் வேறு ஆள் கிடைத்துவிட்டாள், பழையவளை நிறுத்திவிடலாமா?

வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஹதீஸ் நம்மில் அறியாதவர் இல்லை. ஆனால் ஆளை அனுப்பிவைப்பதற்கும் ஷரீஅத்தில் சட்டம் உண்டு என்பதை அறிந்தவர்கள் சொற்பம்.

திருமறையின் ‘கஸஸ்’ அத்தியாயத்தில் ஒரு வீட்டார் ஆள் வைத்த வரலாறு விரிவாக வருகிறது. மத்யன் நகரத்துப் பெரியவரிடம் நபி மூஸா (அலை) அவர்கள் வேலைக்கு அமர்ந்தார்கள். காலம் எட்டு வருஷம் என்று பேசப்பட்டது. பத்தாக்கினால் அது மூஸா (அலை) அவர்களின் பெருந்தன்மை. உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்று பெரியவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். இரண்டு தவணைகளில் எதை முடித்தாலும் தம்மீது குற்றமில்லை என்று மூஸா (அலை) அவர்களும் பேசிக்கொள்கிறார்கள். வேலைக்குச் சேரும் அன்றே, விலகும் நாளும் பேசப்பட்டுவிட்டது!

நம் வீடுகளில் என்ன பேசுகிறோம்? “மாசம் இவ்வளவு, நாளையிலிருந்து வந்துவிடு.” அவ்வளவுதான். இப்படிப் பேசினால் முதல் மாதத்துக்கு ஒப்பந்தம் நிறைவேறும், அடுத்த மாதம் பிறந்து வேலை தொடர்ந்தால் அந்த மாதமும் அதில் சேர்ந்துவிடும் என்பது ஹனபி சட்டம். ஆகவே தக்க காரணமின்றி நடுமாதத்தில், “நாளைக்கு வர வேண்டாம்” என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. ஷாபிஈ மத்ஹபு இன்னும் கண்டிப்பானது. முடியும் காலம் தெரியாத அந்தப் பேச்சே செல்லாது. செய்த வேலைக்கு ஊரில் வழக்கமான கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்தாக வேண்டும். பேசியது குறைவு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

குறிப்பிட்ட நேரத்தை நமக்கென்று ஒதுக்கித் தருபவளை ‘அஜீர் காஸ்’ (தனிப் பணியாள்) என்பார்கள். அவள் வேலைக்குத் தயாராக வந்து நின்று, நாம்தான் வேலை கொடுக்கவில்லை என்றால், கூலி அவளுக்குரியது. நாம் உம்ராவுக்குப் போய் இருபது நாள் வீட்டைப் பூட்டினாலும் அப்படியே. 2020 மார்ச் ஊரடங்கில், தொற்றுக்குப் பயந்து வாசலோடு திருப்பி அனுப்பினோமே, அந்த நாட்களையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளத்தில் அவளால் வர இயலாமற்போன நாட்களுக்குக் கூலி கட்டாயமில்லை, சட்டம் அவ்வளவுதான். ஆனால் குடிசையில் சேறு புகுந்து, அரிசியும் பாயும் போய் நிற்பவளிடம் பத்து நாளைக் கழிப்பவர், மழை நின்றதற்காக அதே வாரம் ஸதகா கொடுத்தார் என்றால் அது என்ன கணக்கோ, எனக்கு விளங்கவில்லை. வேறு ஆள் கிடைத்தது மட்டும் பழையவளை நடுமாதத்தில் நிறுத்துவதற்குத் தக்க காரணமாகாது.

ஸதகா என்றதும் இன்னொன்று. ரமலானில் ஜகாத் பணத்தில் சேலை எடுத்துக் கொடுத்து, அதையே பெருநாள் போனஸாக வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. கூலியாகவோ கூலியின் பகுதியாகவோ கொடுத்தது ஜகாத்தாகாது. நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் மாற்று மதச் சகோதரிகளும் நிறைய உண்டு. ஜகாத் அவர்களுக்குச் சேராது. அன்பளிப்பும் ஸதகாவும் தாராளமாகச் சேரும். கூலியோ எந்த மதத்தவளானாலும் ஹக்கு. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராகக் கியாமத் நாளில் நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் கூறுவதாக வரும் ஹதீஸில் மத வேறுபாடு எதுவும் சொல்லப்படவில்லை.

மோதிரம் காணாமற்போனால் அன்று மாலையே அவள் நிற்க வேண்டியதுதான். சம்பளம் பிடித்தம். அடுத்த தெரு வரை “கைசுத்தம் இல்லாதவள்” என்ற பெயர். மோதிரம் பின்னால் அரிசிப் பானையில் கிடைத்தால் யார் போய் அந்தத் தெருவில் சொல்கிறார்கள்? குற்றம் சாட்டுபவரே ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்த விதி. வீட்டுக்காரி என்பதற்காக அதில் சலுகை கிடையாது. குற்றம் உறுதியான இடத்திலும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறில் கலந்துகொண்ட மிஸ்தஹ் என்பவருக்கு உதவிவந்த அபூபக்ர் (ரலி) அவர்கள், இனி உதவுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அப்படிச் சத்தியம் செய்யலாகாது என்று ‘நூர்’ அத்தியாயத்தில் வசனம் இறங்கியதும் மீண்டும் கொடுக்கலானார்கள். அது தர்மம். தர்மத்தையே நிறுத்தலாகாது என்றால், பட்ட பாட்டுக்குரிய கூலியை எப்படிப் பிடித்துக்கொள்வது?

தமிழகத்தில் வீட்டு வேலையாட்களுக்கு 2007இல் நல வாரியம் அமைந்தது. 2018இல் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயமாயிற்று. வாரியத்தில் பதிய விரும்புகிறவளை வீட்டுக்காரர் தடுக்கலாகாது.

மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி பக்கத்துக் குடும்பங்களுக்கு அரபு நாட்டு வேலை புதிதல்ல. கபீல் இரண்டு மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு மகனை ஏற்றி அனுப்பிவிட்டால் வீடே அழுகிறது. சவூதித் தொழிற்சட்டப்படி கம்பெனி ஊழியருக்கு முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் அரை மாதச் சம்பளமும், அதற்குமேல் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடை உண்டு என்பது நம் வீட்டுப் பெண்களுக்கும் மனப்பாடம். அதே வீட்டில் முப்பது வருஷம் மாவாட்டிப் பாத்திரம் துலக்கியவள், முட்டி தேய்ந்து உட்கார்ந்து எழ முடியாமற்போனால், ஒரு பழைய சேலையோடு விடை பெறுகிறாள். வருஷத்துக்கு அரை மாதம் என்றே போட்டாலும் அவளுக்குப் பதினைந்து மாதச் சம்பளம் வருகிறது. முன்பே பேசாதிருந்தால் இதை ஷரீஅத் கட்டாயமாக்கவில்லை. புதிதாக ஆள் வைக்கும் வீடுகள் முதல் நாளே சம்பளம், லீவு, நிறுத்துமுன் ஒரு மாத அவகாசம் ஆகியவற்றோடு இதையும் பேசி எழுதிக்கொள்ளலாம். அவள் எழுத்தறியாதவளானால், அவள் வீட்டுப் பள்ளிப் பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லி, ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்துவிடலாம்.