தலைமைப் பாத்திரமும் தோழரும்: ‘டொக்டர் ஹூ’ எழுப்பும் ஓர் அறவியல் வினா

நெடுந்தொடர் ஒன்றினை நடத்திச் செல்வோர் எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்றுண்டு. பேராற்றல் படைத்த தலைமைப் பாத்திரத்தை நடுவில் நிறுத்தி, அதனைச் சூழப் பல தோழரை அமைக்கும்போது எவருக்கு எவ்வளவு இடம் அளிப்பது என்பதே அது. உரையாடலைப் பங்கிட்டும் காட்சிகளை எண்ணியும் தீர்த்துவிடக்கூடிய உத்திப் பிரச்சினையாகவே இது பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயின், ஆழ்ந்து நோக்குமிடத்து இதன் அடியில் அறவியல் வினா ஒன்று கிடப்பதைக் காணலாம். அறிவிலும் ஆற்றலிலும் மிக்க ஒருவருடன் கூடி வாழும் மனிதர், தமது வாழ்வைத் தாமே முடிவுசெய்பவராக இருத்தல் இயலுமா?

இவ்வினாவை ஆராய்வதற்கு ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரான ‘டொக்டர் ஹூ’ மிகவும் ஏற்றது. பி.பி.சி. நிறுவனம் 1963 நவம்பர் 23ஆம் திகதி தொடங்கிய இத்தொடர் 1989இல் நின்று, 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. காலத்தினூடும் விண்வெளியினூடும் செல்லும் டார்டிஸ் என்னும் கலமும், அதனைச் செலுத்தும் வேற்றுலகத்தவரான டொக்டரும், அவருடன் செல்லும் தோழருமே இதன் நிலையான அமைப்பாகும். முதற் கதையில் தோழர் மூவர்: டொக்டரின் பேர்த்தி சூசன், அவள் பயின்ற பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் இயன், வரலாற்று ஆசிரியை பார்பரா.

தோழருக்குக் கதையில் ஒரு தொழில் உண்டு. பார்வையாளர் அறியாதவற்றை டொக்டர் விளக்க வேண்டுமெனின் எவரேனும் வினவ வேண்டும். அவர் மீட்க வேண்டுமெனின் எவரேனும் ஆபத்தில் அகப்பட வேண்டும். மனிதர் எவரையும் வெறும் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது என்பது ஜேர்மனிய மெய்யியலாளர் காண்டின் அறக்கோட்பாடு. வினவுவதற்கும் அலறுவதற்கும் மாத்திரம் படைக்கப்பட்ட தோழர், நாயகனின் பெருமையைக் காட்டும் கருவியன்றி வேறில்லை.

தோழரின் தொகை பெருகுவதே இதற்குக் காரணம் எனச் சிலர் கூறுவர். பீற்றர் டேவிசன் டொக்டராக நடித்த 1982ஆம் ஆண்டுத் தொடர் இக்கூற்றுக்கு ஓரளவு சான்றாகும். அட்ரிக், நிசா, டீகன் என்னும் மூவருக்கும் இடமளிக்க இயலாமையால், ‘கிண்டா’ என்னும் கதையில் நிசா ஏறக்குறைய முழு நேரமும் கலத்தினுள் உறங்கவைக்கப்பட்டாள். ஆயினும் 1963இலும் தோழர் மூவரே. 1964இல் ஒளிபரப்பான ‘அஸ்டெக்குகள்’ என்னும் கதையில், தெய்வத்தன்மை பொருந்தியவள் எனத் தவறாகக் கருதப்பட்ட பார்பரா, அம்மக்களின் நரபலி வழக்கத்தை ஒழிக்க முற்படுகின்றாள். வரலாற்றை மாற்றலாகாது என டொக்டர் தடுத்தும் அவள் பணியவில்லை. அவளுடைய முயற்சி தோற்கின்றது. ஆயினும் அது அவளுடைய முயற்சி. எனவே சமநிலையைக் குலைப்பது தொகையன்று, மறுத்துரைக்கும் உரிமை இன்மையே என்பது புலனாகும்.

அவ்வுரிமை தோழருக்கு மாத்திரம் பயன்படுவதன்று. 2009இல் வெளியான ‘செவ்வாயின் நீர்’ என்னும் கதையில் டொக்டர் தனித்துப் பயணஞ்செய்கின்றார். மாற்றலாகாதெனத் தாமே அறிந்த ஒரு நிகழ்வை மாற்றி, இறக்கவேண்டியிருந்த அடிலெய்ட் புரூக் என்பவளைக் காப்பாற்றுகின்றார். காலத்தின் விதிகள் இனித் தமக்கே கட்டுப்படும் எனச் செருக்குறுகின்றார். அச்செருக்கைக் கண்டு அஞ்சிய அடிலெய்ட் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கின்றாள். ‘வேண்டாம்’ என்று கூறித் தடுக்க அருகில் தோழர் எவருமில்லாதபோது, நன்மை செய்யும் ஆற்றலும் கொடுங்கோன்மையாகத் திரிபுறும் என்பதை இக்கதை உணர்த்துகின்றது.

தோழர் உடனிருந்தும் அவரது சொல் செல்லாத நிலையே இதனினும் கடுமையான சிக்கலாகும். 1964இல் சூசன் தொடரிலிருந்து விலகும் காட்சியில், அவள் விரும்பும் இளைஞனுடன் பூமியில் வாழட்டும் எனக் கருதி, டொக்டர் கலத்தின் கதவைப் பூட்டிவிட்டுச் செல்கின்றார். அன்பினால் விளைந்த முடிவே எனினும் அதனை எடுத்தவர் அவளல்லள். 2008இல் டொனா நோபிளுக்கும் இதுவே நேர்ந்தது. டொக்டரின் அறிவு முழுவதும் அவளுள் புகுந்தமையால் அவள் இறக்க நேரிடும் நிலையில், அவள் கெஞ்சி மறுத்தும் அவருடன் பயணஞ்செய்த நினைவுகள் அனைத்தையும் அவர் அழித்துவிடுகின்றார்.

உயிர் காத்தல் பிழையா என இவ்விடத்தில் வினவலாம். இவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நஞ்சருந்த முனைவோனின் கையைப் பற்றுபவரை எவரும் குறை கூறார். ஆயின் டொனா அறிவு மயங்கியவள் அல்லள். தன்னை விடச் சிறந்த ஒருத்தியாகத் தன்னை ஆக்கிய நினைவுகளை இழந்து வாழ்வது தனக்கு வாழ்வாகுமா என்பதே அவளது கேள்வி. அதற்கு விடையளிக்கும் தகுதி அவளுக்கே முதலில் உரியது. டொக்டர் அவளது உடலைக் காத்தார். அவ்விடையைக் கூறவல்ல டொனாவை அழித்தார். 2023ஆம் ஆண்டுக் கதையில் அவளுக்கு நினைவு மீளக் கிடைத்தமை, அவள்மீது இழைக்கப்பட்டதைப் பிற்கால ஆக்கியோரும் மறக்கவில்லை என்பதைக் காட்டுகின்றது.

2015இல் இதே சோதனை மீண்டும் வந்தது. கிளாராவைக் காப்பதற்கென அவளது நினைவை அழிக்க டொக்டர் கருவியொன்றை ஆயத்தஞ்செய்கின்றார். அதனை அறிந்துகொண்ட கிளாரா, தன் கடந்தகாலம் தனக்கே உரியது என வாதிட்டு, கருவியையும் எதிர்த்திசையில் இயங்கும்படி மாற்றிவிட்டதாகக் கூறுகின்றாள். ஈற்றில் இருவரும் ஒருங்கே அதனை இயக்குகின்றனர். நினைவை இழக்கப்போவது யாரென்பது இருவருக்கும் தெரியாது. இழப்பவர் டொக்டரே.

இத்தொடரின் நெடிய வரலாற்றில் நாயகனுக்கும் தோழருக்குமிடையே உண்மையான சமநிலை தோன்றிய இடம் இதுவெனலாம். கிளாரா அவருக்கு நிகரான அறிவைப் பெற்றுவிடவில்லை. அவளது மறுப்பு செல்லுபடியாயிற்று. அவள்மீது சுமத்த எண்ணிய இழப்பைத் தாமும் ஏற்க அவர் இசைந்தார். பெற்றோர், ஆசிரியர், மருத்துவர், தலைவர் என அறிந்தோராய் அன்புடையோராய் நம்மைச் சூழ்ந்திருப்போர் பலர். அவர்தம் அன்பு ஐயத்துக்குரியதன்று. எனினும் அவ்வன்பு, ‘வேண்டாம்’ என்னும் சொல்லைக் கேட்டு நிற்குமா என்பதைக் கொண்டே அதன் அறம் அளக்கப்படல் வேண்டும்.