எழுதிக் கொடுத்தவன்

பாங்க்கில் என் கௌண்ட்டருக்கு வருகிறவர்களில் பலருக்கு நான்தான் சலான் எழுதிக் கொடுக்கிறேன். செக்கில்கூடப் பெயரையும் தொகையையும் யார் எழுதினாலும் சரி. கையெழுத்து கணக்குக்காரருடையதாக இருந்தால் போதும். இதில் யாரும் ஏமாறவில்லை. பிறருக்காக எழுதுவது தன்னளவில் பாவமல்ல.

யுனிவர்ஸிட்டியில் விஷயம் தலைகீழ். அங்கே கையெழுத்து ஒரு சம்பிரதாயம். உள்ளே எழுதியிருப்பதுதான் ஆள். பத்து வருஷங்களுக்கு முன், வேலையில்லாதிருந்த நாட்களில், பி.ஏ.யோடு நின்றுவிட்ட நான் ஒருவருடைய எம்.ஃபில். ஆய்வேட்டுக்கு இரண்டு அத்தியாயங்கள் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினேன். ஆகவே இது உபதேசமல்ல.

இந்த வியாபாரத்துக்கு 2006இல் இங்கிலாந்தில் ராபர்ட் க்ளார்க், தாமஸ் லங்காஸ்டர் என்ற இருவர் 'ஒப்பந்த மோசடி' என்று பெயரிட்டார்கள். நைரோபியில் வேலை கிடைக்காத பட்டதாரிகள் இங்கிலாந்து, அமெரிக்க மாணவர்களுக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறார்கள். விற்பதை ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் குற்றமாக்கின. ஆஸ்திரேலியாவில் இரண்டு வருஷம்வரை சிறை. நமது யு.ஜி.ஸி.யின் 2018ஆம் வருஷத்து விதிகளோ பிற எழுத்தோடுள்ள ஒற்றுமையைச் சதவீதத்தில் அளக்கின்றன: 10 வரை தண்டனையில்லை, 60ஐத் தாண்டினால் மாணவரின் பதிவு ரத்து. நான் எழுதியது இந்தத் தராசில் மாசற்றது. எங்கிருந்தும் எடுக்கவில்லையே. திருடியதைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு விலைக்கு வாங்கியது தெரிவதில்லை.

நேர்மையாக எழுதிய மாணவர்களுக்கு நஷ்டம் என்பார்கள். உண்மைதான். ஆனால் என்னை உறுத்துவது வேறு. புத்தகத்தின் முன் ஒன்றும் பிடிபடாமல் உட்கார்ந்திருக்கும் வாரங்கள் உண்டே, அவற்றிலிருந்து தப்பிக்கத்தான் அவர் காசு கொடுத்தார். அந்த வாரங்கள் எனக்குக் கிடைத்தன. பட்டம் அவருக்கு, படிப்பு எனக்கு என்று வெகுநாள் கர்வப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அத்தியாயங்களில் 'என் கருத்தில்' என்று ஐந்தாறு இடங்களில் எழுதியிருந்தேன். கவிதையிலும் கவிஞனல்லாத ஒரு 'நான்' பேசத்தான் செய்கிறது. ஆனால் அது வாசகனும் சம்மதித்த வேஷம். இந்த 'என்' அப்படியல்ல.

சென்ற வருஷம் அங்கே விவாதித்த ஒரு நாவலைத் திரும்பப் படித்தேன். நான் எழுதியது தப்பு. சிறு பிசகல்ல, நாவலின் மையத்தையே தவறவிட்டிருக்கிறேன். சொந்தப் பெயரில் எழுதியிருந்தால் இப்போது மறுத்து எழுதலாம். அந்த உரிமையைத்தான் விற்றிருக்கிறேன். வாங்கியவருக்கோ மறுக்க ஏதோ இருப்பதே தெரியாது. வாய்மொழித் தேர்வில் அதைப்பற்றித் தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று அவரே அன்று சந்தோஷமாகச் சொன்னார். ஒரு கேள்வி போதும், இருவரும் அகப்பட்டிருப்போம். கேட்பதற்கு அதைப் படித்திருக்க வேண்டுமே.

ஒரு கருத்துக்கு நேர்மை என்பது அது சரியாக இருப்பதல்ல, தப்பானால் பதில் சொல்ல ஆள் இருப்பதுதான் என்று இப்போது படுகிறது. செக் திரும்பி வந்தால் கூப்பிட்டுக் கேட்க ஒருவர் இருக்கிறார். அந்த இரண்டு அத்தியாயங்களும் ஏதோ ஒரு நூலக அலமாரியில், கேட்பாரின்றி, தப்பாகவே இருக்கின்றன.