காராபுரிக் குகையிற் சதாசிவ தரிசனம்

மும்பை நகர்க்குத் தொழில் கருதியும் சுற்றத்தாரைக் காணவும் செல்லும் சைவ அன்பர் பலர். அவருட் சிலர், அந்நகர்க்கு அணித்தாய்க் கடலகத்துள்ள காராபுரித் தீவின் குகைக்கோயிலைக் காண விரும்பி, அங்கே செல்லுமாறு யாது, சென்றாற் செய்யத்தகுவது யாது என வினவுகின்றனர். முதல் வினாவிற்கு விடை எளிது. இரண்டாவது அத்துணை எளிதன்று. அது சித்தாந்த நூலுணர்ச்சியோடு தொடர்புடையது. ஆதலின் இரண்டனையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மும்பையில் அப்போலோ துறையில், இந்திய வாயில் எனப்படும் பெருந்தோரணத்தின் அருகே, காலை ஒன்பது மணியளவில் விசைப்படகுகள் புறப்படத் தொடங்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தீவினை அடையலாம். திங்கட்கிழமைகளிற் குகை திறக்கப்படுவதில்லை. சோமவார விரதத்தை அங்கே நோற்கலாமெனக் கருதுவார் இதனை மறவாதிருத்தல் வேண்டும். மழைக்காலத்தே கடல் கொந்தளிப்பின் படகுகள் நின்றுவிடுதலும் உண்டு. மார்கழி, தை, மாசித் திங்கள்களே தக்கவை. கரையிலிருந்து குகைவாயிலுக்கு ஏறக்குறைய 120 படிகள் ஏறல் வேண்டும். படிவழியின் இருமருங்கும் கடைகள். குரங்குகளும் மிக உள. கைப்பொருளைப் பறித்துச் செல்வதில் அவை தேர்ந்தவை. ஆதலின் ஆன்மார்த்த பூசையுடையார் பூசைப்பெட்டகத்தை உடன்கொண்டு செல்லற்க. அதனைத் தங்குமிடத்திலேயே விடியலில் முடித்துத் திருநீறு மட்டும் உடன்கொண்டு முதற்படகில் ஏறுதல் நன்று. நண்பகலாயின் கூட்டமும் ஆரவாரமும் மிகும்.

இனிக் குகையின் வரலாறு. அது கி.பி. ஆறாம் நூற்றாண்டிற் குடையப்பெற்றது என்பது அறிஞர் பலர்க்கும் ஒப்பமுடிந்த கருத்து. குடைவித்தவர் களசூரி மரபினர் என்பாரே மிகுதி. ஆயின் அதனை ஐயமற நாட்டற்குரிய சாசனம் இன்று இல்லை. தீவு 1534 ஆம் ஆண்டு குசராத்துச் சுல்தானிடமிருந்து போர்த்துக்கீசியர் கைப்பட்டது; அங்கிருந்த கல்வெட்டொன்றை அவர் பெயர்த்துத் தம் நாட்டிற்கு விடுத்தனர் என்றும், பின்னர் அது காணாமற்போயிற்று என்றும் கூறுப. துறையருகே நின்ற கல்யானையைக் கண்டு அவர் இட்ட எலிபண்டா என்னும் பெயரே இன்றும் உலகில் வழங்குகின்றது. அவ்யானையையும் 1864 ஆம் ஆண்டு ஆங்கிலர் பெயர்த்துக் கொண்டுபோக முயன்றபோது அது உடைந்துபட்டது. பின் ஒட்டிச் சேர்க்கப்பெற்று மும்பை நகரிலேயே நிற்கின்றது. 1987 ஆம் ஆண்டு இக்குகைகள் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக வைக்கப்பெற்றன.

குகையின் தென்சுவரின் நடுவே, ஏறக்குறைய 18 அடி உயரமாய், மூன்று திருமுகங்களோடு மார்பளவாக விளங்கும் திருவுருவமே உலகோரை ஈர்ப்பது. இதனை வழிகாட்டுவோரும் வழிநூல்களும் ‘திரிமூர்த்தி’ என வழங்கி, அயனும் மாலும் உருத்திரனும் ஒருங்கு நிற்பதாகக் கூறுப. அன்பர் முதற்கண் நீக்கிக்கொள்ள வேண்டுவது இம்மயக்கமேயாம். சிவம், சத்தி, நாதம், விந்து என்னும் நான்கும் அருவம், சதாசிவம் அருவுருவம், மகேசன், உருத்திரன், மால், அயன் என்னும் நான்கும் உருவம் எனச் சிவஞான சித்தியார் வகுக்கும் நவந்தரு பேதத்தை உணர்ந்தார்க்கு, இத்திருவுருவைத் திரிமூர்த்தி என்றல் ஒன்பது நிலைகளுட் கடைப்பட்ட மூன்றன்கண் அதனை இழித்து வைத்தலாம் என்பது விளங்கும். சிற்பநூல் ஆராய்ந்த கோபிநாதராவ் அவர்களும் இது திரிமூர்த்தியன்று, மகேசமூர்த்தியே என நிறுவினார். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் சதாசிவம் என்பர்.

மகேசனோ சதாசிவமோ என்பது வெறும் பெயர்ப்பூசலன்று. ஆகமங்கள் சதாசிவ தியானத்தில் ஐந்து முகமும் பத்துத் திருக்கரமும் கூறும். இங்கே அவை முழுதும் இல்லை. ஆதலின் மகேசன் என்பார் கூற்றிற்கு வலியுண்டு. எனினும், இத்திருவுருவம் மார்பளவிற் புறந்தோன்றி, ஏனைய கூறெல்லாம் மலையோடு ஒன்றிநிற்றலை நோக்குக. வடித்த பகுதி உருவம். வடியாத மலை அருவம். இரண்டற்கும் இடையே எல்லையிட்டுக் காட்டல் இயலாது. அருவுருவம் என்னுஞ் சொற்கு இதனினும் வெளிப்படையான இலக்கியம் கல்லிற் காண்டல் அரிது. ஆதலின் சதாசிவம் என்றலே நமக்கு உடன்பாடு.

நம் எதிரே நேர்முகமாய் அமைதியோடு விளங்குவது தற்புருடம். இறைவனது வலப்பால், அஃதாவது காண்பார்க்கு இடப்பால், நெறித்த புருவமும் மீசையும் கையிற் பாம்புமாகத் தோன்றுவது அகோரம். மற்றைப் பக்கத்தே மலரேந்திப் பெண்மைச் சாயலோடு பொலிவது வாமதேவம். சத்தியோசாதம் பின்புறத்தே மலைக்குள் மறைந்தது. ஈசானம் மேனோக்கியது, காட்டப்பெறவில்லை. ஐந்தொழிலோடு பொருத்திக் காண்பின், வாமதேவத்திற்குரிய காத்தலும், அகோரத்திற்குரிய அழித்தலும், தற்புருடத்திற்குரிய மறைத்தலும் கண்முன் நிற்கின்றன. படைத்தல் பின்னே நிகழ்ந்து முடிந்தது. அருளல் இன்னும் கண்ணிற்குப் புலனாகாதது. நடுமுகம் கண்மூடிய பாவனையில் அத்துணை அமைதியாயிருத்தலைச் சிற்பத்திறம் எனப் புகழ்வார் உளர். மறைத்தலும் அருளின் பாற்பட்டதே எனக் கற்றவர்க்கு அவ்வமைதி வேறொரு பொருளும் தரும். சிற்பியர் இதனையெல்லாம் கருதியே செய்தனர் என நாம் சாதிக்க வரவில்லை. தீக்கை பெற்றுப் பஞ்சப்பிரம மந்திரங்களால் நாடோறும் பூசிப்பார் இதனைக் கருதாது அங்கே நிற்றல் இயலாது என்பதே நம் கூற்று.

இனித் தடை. ‘அக்குகை தொல்பொருட்டுறையினர் காவலிலுள்ளது, நித்திய பூசையில்லை, திருவுருவங்கள் பின்னமுற்றவை, பின்னமான மூர்த்தி வழிபாட்டிற்கு ஆகாதென்பது ஆகம விதி, ஆதலின் அங்கே செல்லுதல் காட்சிச்சாலை காண்டலோடொக்கும்’ என்பர் ஒருசாரார். பின்னமுற்றமை மெய்யே. நடராசர் திருவுருவிற் கால்களும் கரங்கள் பலவும் இல்லை. கயிலையை இராவணன் எடுக்கும் சிற்பம் பெரிதும் சிதைந்தது. போர்த்துக்கீசியர் துப்பாக்கிப் பயிற்சிக்கு இவற்றை இலக்காக்கினர் என்ப. மற்றொரு சாரார், குடத்தில் நீரும் பாலும் கொண்டுசென்று அங்கேயே அபிடேகம் புரிதல் சைவர் கடன் என்பர். இரண்டும் நமக்கு உடன்பாடல்ல. பின்னமான மூர்த்தியை விலக்கும் விதி, பிரதிட்டை செய்து புறப்பூசை ஆற்றுதல் பற்றியது. அகப்பூசையை அது தடுத்ததில்லை. திருக்கோயிலை இறைவனெனவே கண்டு வழிபடுக என்னும் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரமும், சிதைந்த கோயிலாயின் வணங்காது போக என ஓரிடத்தும் விதித்ததில்லை. ஆதலின் நெஞ்சத்தே ஐந்தெழுத்தை ஓதி நிற்றற்கு அங்கே தடையாதும் இன்று. நீரும் பாலும் கல்லை அரிக்கும். ஆர்வத்தால் அன்னியர் செய்த சிதைவை நாமும் தொடர்தல் தகாது.

மற்றொரு தடை நுட்பமானது. வாயிலின் இடப்பால் யோகநிலையில் வீற்றிருக்கும் திருவுருவை இலகுலீசர் என அறிஞர் பலர் கொண்டு, குகை பாசுபதர்க்குரியதென்பர். பாசுபதத்தை நம் ஆசிரியர் அகப்புறச் சமயங்களுள் வைத்தனர். அகப்புறத்தார் எடுத்த கோயிலில் அகச்சமயத்தார் வழிபடலாமோ என்னின், எடுத்தார் கொள்கை வேறு, எடுக்கப்பட்ட திருவுருவம் வேறு என்க. முத்திநிலை பற்றிப் பாசுபதரோடு நாம் மாறுபடுவோம். அவர் வழிபட்ட இலிங்கம் நமக்கு வேறன்று.

ஆகவே அங்கே சென்றார், எல்லாரும் விரைவது போலப் பெரிய திருவுருவை நோக்கி முதற்கண் ஓடற்க. வடவாயிலிற் புகுந்து, இடப்பால் யோகமூர்த்தியையும் வலப்பால் நடராசரையும் வணங்கி, மேற்குப்பகுதியில் நான்கு வாயிலோடு தனித்து நிற்கும் கருவறையை அடைக. வாயில்தோறும் இருவராகப் பேருருவத் துவாரபாலகர் எண்மர் காக்க, உள்ளே சிவலிங்கம் உள்ளது. நாற்றிசையும் நோக்கித் திறந்த இக்கருவறையை வலம்வருதல் எளிது. அதன்பின் கல்யாணசுந்தரரையும் அந்தகனை அழித்த மூர்த்தியையும் காண்க. மணவணியில் உமையம்மையார் இறைவனுக்கு வலப்பால் நிற்றலைக் கண்டு வியவற்க. மணம் நிறைவேறுமுன் வலப்பால் நிற்றலே முறை. கீழ்ப்பாலுள்ள கயிலைக் காட்சிகளையும் கண்டு, பெரிய திருவுருவின் இருமருங்கும் அமைந்த அர்த்தநாரீசரையும் கங்காதரரையும் தொழுது, இறுதியிற் சதாசிவத்தின்முன் அமர்க.

அங்கே குறைந்தது அரைமணி நேரமாயினும் பேசாதிருத்தல் வேண்டும். வெளியொளியிலிருந்து வந்த கண்ணிற்குத் திருமுகங்கள் முதலிற் கருநிழலாகவே தோன்றும். கண் இருளிற் பழகப் பழக ஒவ்வொன்றாய் விளங்கும். படம் பிடிப்பார் முன்னே வந்து நின்று மறைப்பின் சினவற்க. அவர் நெடிது நில்லார்.