உடையவன் இல்லாத செங்கல்



வியாபாரிகளாகிய நாம் எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் கேட்பது, இது யாருடையது, என்ன விலை என்றுதான். உடையவன் செத்துப்போய், அவன் வாரிசும் செத்துப்போய், அவன் ஊரும் பேரும் அழிந்து ஆயிரம் வருஷம் ஆகிவிட்ட பொருளை என்ன செய்வது? எடுத்துக்கொள்ளலாமா? நான் மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும்தான் என் படிப்பு. பெரிய விவாதத்துக்குத் தகுதியுடையவன் அல்லேன். எனினும் இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டபடியால் எழுதுகிறேன்.

சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மாமியார் பொறுப்பிலும் கடையைத் தம்பியின் பொறுப்பிலும் விட்டுவிட்டு, நானும் என் மனைவியும் கெடாவுக்குப் போனோம். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் ஊருக்குப் போவதும் ஒரு முறை உம்ராவும் தவிர, நாங்கள் இருவர் மட்டுமாகச் செய்த பிரயாணம் இதுதான். பெட்டி கிடையாது. மகனுடைய பள்ளிக்கூடப் பை ஒன்று என் முதுகில், மற்றொன்று அவள் தோளில். ஜூரோங் ஈஸ்ட்டில் பஸ் ஏறி, உட்லண்ட்ஸ் பாலத்தைக் கடந்து, ஜொகூரிலிருந்து இரவு பஸ்ஸில் சுங்கை பட்டாணி போய்ச் சேர்ந்தோம்.

பார்க்கப் போனது பூஜாங் பள்ளத்தாக்கை. தமிழர்கள் கடாரம் என்று சொன்னது அந்தக் கெடாவைத்தான். 1025இல் இராஜேந்திர சோழனின் கப்பல் படை அதன்மீது பாய்ந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அது வியாபாரிகளின் துறைமுகம். கடலிலிருந்து வருகிறவனுக்கு ஜெராய் மலை தூரத்திலேயே தெரியும். மெர்போக் ஆற்றுக்குள் கப்பலைத் திருப்பி, காற்று மாறும்வரை மாதக்கணக்கில் தங்கி, சரக்கை விற்று, சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். காற்றை நம்பிப் பிழைத்தவர்கள்!

"இடிந்த கோயிலைப் பார்க்கவா மச்சான் இவ்வளவு தூரம்? நமக்கும் இதற்கும் என்ன?" என்று பஸ்ஸிலேயே என் மனைவி கேட்டாள். பூமியில் சுற்றிவந்து, முன் வாழ்ந்தவர்களின் முடிவைக் கண்டு சிந்திக்கும்படி திருமறை ஒரு தடவை அல்ல, பல தடவை சொல்கிறதே என்றேன். அவள் அதற்கு மேல் பேசவில்லை. ஒத்துக்கொண்டாள் என்று நான் நினைத்தது தவறு.

புக்கிட் பத்து பகாட்டில் மலையடிவாரத்து ஓடைக்குப் பக்கத்தில் கருங்கல் கோயிலின் அடித்தளம் நிற்கிறது. குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரதியும் 1936-37இல் இந்தப் பகுதியில் முப்பது இடங்களைத் தேடிக் கண்டு தோண்டினார்கள். கணவனும் மனைவியுமாகக் கொசுக்கடியில் காடு காடாக அலைந்திருக்கிறார்கள் என்று சொன்னதும் என் மனைவிக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. 1959-60இல் அந்தக் கோயிலை மறுபடி கல்மேல் கல்லாக அடுக்கினார்கள். இப்போது பக்கத்தில் அரும்பொருட்காட்சிசாலையும் இருக்கிறது.

அவர்களுடைய தோண்டலில் கிடைத்தவற்றில் என் மனதைப் பிடித்தது ஒரு வெள்ளி நாணயத்தைப் பற்றிய செய்தி. அப்பாசிய கலீபா முதவக்கிலின் காலத்தது, ஹிஜ்ரி 234. கோயில் இருந்த ஊரில் கலீபாவின் நாணயம் எப்படி வந்தது? நம்மைப் போன்ற எவனோ ஒருவனின் மடியிலிருந்துதான் வந்திருக்கும். 1834இல் ஜேம்ஸ் லோ என்ற கம்பெனி அதிகாரி இந்தப் பக்கத்திலேயே வேறொரு கல்லைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன், பிரயாணம் நலமாய் முடிய வேண்டி வெட்டிவைத்த பௌத்தக் கல் அது. ஐந்தாம் நூற்றாண்டினது என்கிறார்கள். கடலில் போன வியாபாரி யாராயிருந்தாலும், எந்த மார்க்கத்தானாயிருந்தாலும், நெஞ்சில் இருந்த பயம் ஒன்றுதான் என்று அந்தக் கல்லைப் பற்றி வாசித்தபோது தோன்றியது. அந்தக் கல் இப்போது கல்கத்தா மியூசியத்தில் இருக்கிறது. கெடாவில் இல்லை.

மறுநாள் சுங்கை பத்து போனோம். செங்கல் மேடுகளும், இரும்பு உருக்கிய உலைகளின் அடையாளங்களும், துருத்தியின் மண் குழாய்த் துண்டுகளும் அங்கே ஏராளம். வெயில் கொளுத்தியது. என் மனைவி நிழலில் உட்கார்ந்துவிட்டாள். நான் மட்டும் சுற்றினேன். ஒரு மேட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலம் செங்கல் துண்டு ஒன்று கிடந்தது. குனிந்தேன். எடுத்தேன். பைக்குள் போட்டேன். அப்போது நான் சுற்றும்முற்றும் பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தன் பொருளை எடுக்கிறவன் அப்படிப் பார்ப்பதில்லை.

ஜூரோங் திரும்பி இரண்டு நாள் கழித்து, பையைத் துவைக்க எடுத்தவள் செங்கல்லோடு கடைக்கே வந்துவிட்டாள். "இது என்ன?" என்றாள். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு ஞாபகம் என்றேன். "கடையில் பையன் ஒரு சாக்லெட் எடுத்தால் திருட்டு என்கிறீர்களே, இதற்குப் பெயர் என்ன மச்சான்?"

நான் விடவில்லை. என் பக்கத்துக்கும் நியாயம் இருக்கத்தான் செய்தது. தராசில் வைத்துப் பார்த்தேன், 140 கிராம். காசு கொடுத்து யார் வாங்குவார்? கண்டெடுத்த பொருளை ஒரு வருஷம் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அற்பப் பொருளுக்கு அந்த நிபந்தனை இல்லை என்றும் ஓதியிருக்கிறேன். பழங்காலத்தார் புதைத்த செல்வம் கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கை ஜகாத்தாகக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறதே. செங்கல்லில் ஐந்தில் ஒன்றை உடைத்துக் கொடுத்துவிடட்டுமா என்று வேடிக்கையாகக்கூடக் கேட்டேன்.

வேடிக்கை எடுபடவில்லை. ஆலிம் ஒருவரிடம் போய்க் கேட்டேன். புதையல் சட்டம் நம் ஷாபி மத்ஹபில் பொன்னுக்கும் வெள்ளிக்கும் உரியது என்றார். அதோடு, அந்த இடம் யாருமற்ற பாலையா, காவலுள்ள இடமா என்று கேட்டார். காவலுள்ள இடம்தான். மலேசியாவில் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டமும் இருக்கிறது. பிறகு அவர் ஹிஜ்ர் சம்பவத்தை நினைவூட்டினார். தபூக் போகும் வழியில் ஸமூது கூட்டத்தாரின் பாழூரில் தங்கியபோது, அங்குள்ள கிணற்று நீரால் பிசைந்த மாவைத் தின்ன வேண்டாம், ஒட்டகங்களுக்குப் போட்டுவிடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் சொன்னார்கள். அந்த ஊரார் அழிக்கப்பட்டவர்கள். கெடாவின் வியாபாரிகளை அவர்களோடு ஒப்பிடக் கூடாது என்பதையும் ஆலிம் சொன்னார். ஆனால் பாழூருக்குள் போகிறவன் மனதில் என்ன இருக்க வேண்டும், கை எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும் என்பதை அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

என் செங்கல் அற்பமா என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி. எடைக்கு அற்பம்தான். ஆனால் நம் கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எடுத்தால், அந்தத் தாளைப் பழைய பேப்பர்க்காரன் எடைக்கு என்ன விலைக்கு எடுப்பான்? அதற்குச் செல்லாக்காசுகூடத் தேறாது. கணக்கோ கெட்டுப்போகும். எந்த மேட்டில், எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் செங்கல்லின் பேச்சு இருக்கிறது. எடுத்தவுடன் அது ஊமையாகிவிடுகிறது.

இதே பள்ளத்தாக்கில் பதினோராம் எண் கோயில் என்று குறிக்கப்பட்டிருந்த இடிபாட்டை, 2013இல் வீடு கட்ட நிலத்தைச் சீர்செய்தவர்கள் தரைமட்டமாக்கினார்கள். தனியார் நிலம் என்றும், பாதுகாக்கப்பட்டதாக அரசிதழில் பதியவில்லை என்றும் பதில் வந்தது. அதை வாசித்த அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எங்கள் ஊரிலும் நடந்ததுதானே. சிங்கப்பூர் ஆற்றின் வாயில் சுமார் ஐம்பது வரி எழுத்துடன் நின்ற பெருங்கல்லை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள், ஆற்று வாயை அகலப்படுத்தவும் கட்டடம் எழுப்பவும். சில துண்டுகளைக் காப்பாற்றியவர் அதே ஜேம்ஸ் லோ. ஒரு துண்டு இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

ஆனால் கோபப்படுவதற்கு எனக்கு எவ்வளவு உரிமை? 1961 முதல் ஜூரோங்கின் குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தைத் தூர்த்துத்தான் தொழிற்பேட்டை எழும்பியது. அந்தத் தொழிலாளர்களின் சம்பளத்தால் வந்ததுதான் என் கடை வியாபாரம். பிள்ளைகுட்டிகளுக்குச் சோறு வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு நா வராது. வெட்டிய குன்றுகளில் என்ன இருந்தது என்று யார் கண்டார்கள்? ஜாலான் பஹாரில் 1940இல் கட்டிய டிராகன் சூளை ஒன்று இன்னும் நிற்கிறது, ரப்பர் பால் கோப்பைகள் சுட்டெடுத்த இடம். அதை நான் இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் போய்ப் பார்த்திருக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்காக இடித்தவனுக்கு ஒரு சாக்காவது உண்டு. என் செங்கல்லுக்கு அதுவும் இல்லை. கலீபாவின் நாணயத்தை விட்டுப்போன அந்த வியாபாரி எனக்காக அதை விட்டுப்போகவில்லை. நான் அறிந்துகொள்ளும்படி அது அங்கே கிடந்தது, அவ்வளவுதான். எனக்குப் பிறகு வருகிறவனுக்கும் அதே உரிமை இருந்தது. அமானத்தில் கைவைத்துவிட்டேன் என்று புரிந்தது.

வருகிற ஜூன் விடுமுறையில் மறுபடி போய், அங்குள்ள அதிகாரிகளிடம் ஒப்படைப்பதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். துண்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நேற்று என் மனைவி கேட்டாள்: "எந்த மேட்டிலிருந்து எடுத்தது என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?" மூன்று மேடுகளைச் சுற்றினேன். இரண்டாவதா, மூன்றாவதா என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.