வழிவிட்டவர்களுக்கு நாம் பட்ட கடன்

5ஜி வந்தது நம் எல்லாருக்கும் தெரியும். 3ஜி போனது எத்தனை பேருக்குத் தெரியும்?

சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றது. 3ஜி 2024இல் மூடப்பட்டது. இளையர்கள் பலர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கில் தனியாக வசிக்கும் ஒரு பாட்டி மட்டும் தன் பட்டன் போனை என்னிடம் கொண்டுவந்தார். "லைனே கிடைக்கல தம்பி, கெட்டுப்போச்சான்னு பாரு." போனில் ஒரு கோளாறும் இல்லை. அது பேச நம்பியிருந்த கட்டமைப்புதான் இல்லாமல் போயிருந்தது.

ஏன் மூடினார்கள்? அலைக்கற்றை அளவானது. உட்லண்ட்ஸ்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீர்முகப்பில் நடந்தால் சில நேரம் நம் போன் ஜொகூர் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு மலேசியாவுக்கு வரவேற்கும். அலைக்கு எல்லை தெரியாது. அதனால்தான் எந்த அலைவரிசையை யார் எப்படிப் பயன்படுத்துவது என்று இரு நாடுகளும் பேசி வைத்துக்கொள்கின்றன. இப்படிப் பங்குபோட்டுக்கொள்ளும் ஒன்றில், பழைய தலைமுறைச் சேவை பிடித்திருந்த இடத்தைக் காலிசெய்தால் புதியது அங்கே ஓடும். 3ஜியின் தொடக்ககால வேகம் நொடிக்கு 384 கிலோபிட். 5ஜிக்கு ஏட்டில் வகுத்த உச்சம் 20 கிகாபிட். ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேல்! (கையில் வருவது அதில் சிறு பங்குதான், அது வேறு கதை.)

"பத்துப் பேருக்காக ஊரே மெதுவாப் போகணுமா?" என்று நண்பன் கேட்டான். வேண்டாம்தான். மூடியது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் முடிவு சரி என்பதால் நாம் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று ஆகிவிடுமா? சாலையை அகலப்படுத்த நிலம் எடுத்தால் இழப்பீடு தருகிறோம். இங்கே இடம் விட்டவர்கள் பழைய போனோடு காலம் தள்ளிய முதியவர்கள், சிக்கனமாக வாழ்ந்த ஊழியர்கள். லாபம் எனக்கு. உட்லண்ட்ஸிலிருந்து சிட்டி ஹால் வரை ரயிலில் தடங்கல் இல்லாமல் படம் பார்க்கிறேன்.

நம் மரபு தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன் என்று மூன்று சொல்கிறது. மூன்றுமே நாம் கேட்டு வாங்கியவை அல்ல. பெற்றுக்கொண்டதாலேயே கடன்பட்டோம் என்பதுதான் அதன் அடிப்படை. இந்த வேகத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

புதுப் போன் வாங்கிக் கொடுத்தால் தீராதா? பாட்டிக்கு அவர் மகள் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் பழைய போனில் கண்ணாடி போடாமலே, பட்டனைத் தடவிப் பார்த்து எண் அழுத்துவார். அந்தப் பழக்கத்துக்கு யாரும் ஈடு தரவில்லை. வயதான விரல் காய்ந்திருக்கும், தொடுதிரை சில சமயம் அதை உணராது. அழைப்பை எடுக்கக் கற்றுக்கொடுக்கவே எனக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. நடுவில் ஒருநாள் கேட்டார்: "உங்களுக்கு அவசரம் சரி. எனக்கு எதுக்குப்பா அவசரம்?" என்னிடம் பதில் இல்லை.

மூத்தோருக்கு மின்னிலக்கத் திறன் கற்றுத்தரும் அரசாங்கத் திட்டம் 2020 முதல் நடக்கிறது. நல்ல திட்டம். ஆனால் வகுப்பில் கற்றது மறந்துபோகும் செவ்வாய்க்கிழமை இரவில் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட முடியும். அந்தக் கதவைத் திறப்பது நம் வேலை. கற்றுக்கொடுக்கும்போது "குடுங்க பாட்டி, நானே பண்றேன்" என்று பிடுங்காமல் இருப்பதுதான் அதில் கஷ்டம்.

6ஜியை 2030 வாக்கில் கொண்டுவரும் திட்டங்கள் ஓடுகின்றன. ஒருநாள் 4ஜிக்கும் மூடும் தேதி வரும். உங்கள் புளோக்கில் இன்று யார் கையில் எந்தப் போன் இருக்கிறது என்று தெரியுமா?