அச்சம் விசுவாசக் குறைவா?

அச்சம் மனிதனுக்கு இறைவன் அளித்த காவலன். பாம்பைக் கண்டால் விலகவும், புயலுக்கு முன் கூரையைச் செப்பனிடவும் அது நம்மைத் தூண்டுகிறது. ஆயினும், ஆபத்து ஏதுமற்ற வேளையிலும் அக்காவலன் ஓயாது கூக்குரலிட்டால் அது நோயாகிறது. அதனையே மருத்துவர்கள் பதற்றநோய் என்பர்.

இந்நோய் வாழ்வைச் சிறுகச் சிறுகச் சுருக்கிவிடுகிறது. முகையூரிலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்தில் ஏறினால் நெஞ்சு படபடக்குமென அஞ்சுபவர் முதலில் பயணத்தைக் கைவிடுகிறார், பின்பு வேலையை, அதன்பின் உறவினர் வீட்டுத் திருமணத்தை. திருப்பலியிலும் வாசலருகே நின்று இடையிலேயே வெளியேறுகிறார். விலகி ஓடுவது அப்போதைக்கு ஆறுதல் தருகிறது. அவ்வாறுதலே மறுமுறை அச்சத்தை வளர்க்கிறது. உறக்கம் கெடுகிறது. இதயநோயோ என ஐயுற்றுச் செய்யும் பரிசோதனைகளில் பணமும் கரைகிறது.

இத்துன்பத்தின்மேல் நாம் மற்றொரு சுமையையும் ஏற்றுகிறோம். "உனக்கு விசுவாசம் போதாது" என்கிறோம். கவலை வேண்டாமென ஆண்டவர் மொழிந்தது உண்மையே. அது உணவையும் உடையையும் எண்ணி வருந்திய எளியோர்க்கு அவர் தந்த ஆறுதல். நோயுற்றோர்மீது சாட்டிய குற்றமன்று. கெத்சமனியில் அவரே மனம் கலங்கினார். அக்கலக்கத்தை விசுவாசக் குறைவென நாம் சொல்லத் துணிவோமா?

1522-இல் மன்ரேசா நகரில் புனித இஞ்ஞாசியார், ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களைக் குறித்தே மீண்டும் மீண்டும் ஐயுற்று, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமளவுக்குத் துன்புற்றார். அந்நாள்களில் அவர் நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தவர். விடுதலை வேண்டி ஒரு வாரம் உணவையும் ஒறுத்தார். நோன்பை முடிக்குமாறு ஒப்புரவுக் குருவே கட்டளையிட வேண்டியதாயிற்று. செபம் குறைந்ததாலன்று, அவருக்கு அத்துயர் வந்தது.

அப்படியாயின் செபம் வேண்டாவா? வேண்டும். ஆனால் செபத்தை மருத்துவத்திற்கு எதிராக நிறுத்துதல் தகாது. நோயுற்றவன் இறைவனிடம் மன்றாடவும் மருத்துவருக்கு இடமளிக்கவும் வேண்டுமெனச் சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் ஒருசேரப் போதிக்கிறது. இன்று உளவியல் சிகிச்சையாலும் மருந்தாலும் பலர் நலமடைகின்றனர். 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

அஞ்சுபவரை அளந்து பார்ப்பதன்று நமது கடமை. பேருந்தில் அவரருகே அமர்ந்து உடன் செல்வதும், மருத்துவரின் வாசல்வரை துணைநிற்பதுமே விசுவாசத்தின் செயல். அவரது விசுவாசத்தை அளப்பதற்குமுன், நம்முடைய அன்பை அளந்து பார்ப்போம்.