உடலோம்பல் பற்றாகுமா?

ஆணவ இருளில் அநாதியே அழுந்திக் கிடக்கும் ஆன்மாக்களுக்கு இறைவன் தன் பெருங்கருணையால் மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைக் கூட்டுவித்தருளினான் என்பது சைவசித்தாந்தத் துணிபு. இருளில் இருப்பவனுக்கு விடியுங்காறும் விளக்கு உதவுதல்போல, ஞானம் உதிக்குமளவும் உடம்பு உயிர்க்கு உதவுகின்றது. ஆயின், அவ்விளக்கைத் திரி தூண்டியும் நெய் பெய்தும் காத்தல் உயிரின் கடனா? அன்றி, மாயாகாரியமாகிய உடம்பின்மேல் வைக்கும் பற்றேயா? உடற்பயிற்சியின் பெருமை ஊர்தோறும் பேசப்படும் இக்காலத்தில் சைவ நன்மக்கள் இவ்வினாவை ஆராய்ந்து தெளிதல் வேண்டும்.

காரைக்காலம்மையார் தசைப்பொதியைக் கழித்துப் பேயுரு வேண்டிப் பெற்றாரன்றோ? அங்ஙனமாக, ஊனுடம்பைப் பேணுக என்றல் அடியார் நெறிக்கு மாறாகும் எனச் சிலர் தடை நிகழ்த்துவர். அற்றன்று. அம்மையார் உதறியது கணவன்பொருட்டுத் தாங்கிய வனப்பையே. அதன்பின்னும் அவர் ஓர் உடம்போடு கூடியே நின்றார். அவ்வுடம்பு கொண்டே திருக்கயிலையைத் தலையால் நடந்து சென்றார். அவர் வெறுத்தது உடம்பின் அழகாற் பயன்கொள்ளும் உலகநோக்கினை. தொண்டிற்குரிய கருவியை அன்று. திருமூலரும் உடம்பை இழிவென்று முன்னர் எண்ணிப் பின்னர் அதனுள்ளே உறைபவனைக் கண்டு ஓம்பத் தலைப்பட்டமையை எடுத்துரைத்தமை சைவருலகம் அறிந்ததே.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. நோயும் நலமும் பிராரத்த வினையின் பயன். அது வந்தே தீருமாதலின் பயிற்சியாற் பயனில்லை என்பது அது. இங்ஙனம் உரைப்போர் பசித்தவிடத்துப் பிராரத்தத்தின்மேற் பழியிட்டு உண்ணாதிருப்பதில்லை. எவ்வினை எப்பொழுது எத்துணைப் பயன் தரும் என்பதை இறைவன் அறிவானேயன்றி உயிர் அறியாது. முயற்சியைத் துணையாகக்கொண்டு வரும் நுகர்ச்சியும் உண்டு. முயலாமையால் வரும் துன்பமும் உண்டு. நோயை ஊழென்று பொறுத்தல் நோய் வந்தபின் கொள்ளத்தக்க அறிவு. நோய் வாராமுன் அதனையே கூறிச் சோம்பியிருத்தல் மடிமைக்குச் சமயப்போர்வை போர்த்துதலேயாம்.

பழனி வட்டத்துக் கீரனூரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் எண்ணிப் பார்க்க. கவலை பூட்டி நீரிறைத்தும், உரலிற் குற்றியும், திரிகையில் அரைத்தும், சந்தைக்குச் சுமையோடு நடந்தும் வாழ்ந்த காலத்தில் அவ்வூரார்க்கு உடற்பயிற்சி என ஒன்று தனியே வேண்டப்படவில்லை. இன்று மின்விசை நீரிறைக்கின்றது, பொறி மாவரைக்கின்றது, கூப்பிடு தொலைவிற்கும் வண்டி ஓடுகின்றது. உழைப்புக் குறைந்தது நன்றே. முதுகொடிந்தாரை முன்னைக் காலத்திற்குத் திரும்புக என்றல் அன்புடைமையாகாது. ஆயினும் குறைந்த உழைப்பிற்கு ஈடாக வேறொன்று புகுந்திலது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுடையார் 10 கோடிக்கு மேற்பட்டவர் எனக் கணித்தது.

இலண்டன் மாநகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளில் இருந்தே ஓட்டுவோரையும், நாள் முழுதும் படியேறியிறங்கிச் சீட்டுக் கொடுப்போரையும் ஒப்புநோக்கி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1953-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். சீட்டுக் கொடுப்போர்க்கு இதயநோய் குறைவாகவே நேர்ந்தமை அதனாற் புலனாயிற்று. அவர்கள் மல்லர் அல்லர்; தம் தொழிலைச் செய்தவரே. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறியும், வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் நடுத்தர அளவில் உடலை இயக்கினால் அமையும் என்கின்றது. தசைகளுக்கு வலிவூட்டும் பயிற்சி இருநாளேனும் வேண்டும் என்றும் கூட்டியுரைக்கின்றது.

இவ்வளவும் சரியைநெறி நிற்பார்க்குப் புறத்தேயிருந்து வரவேண்டுவதன்று. திருவலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்தல், நந்தவனத்திற்கு நீர் சுமத்தல், திருக்கோயிலை வலம்வருதல் ஆகிய இவற்றுள் உடம்பு வளையாத தொண்டு யாது? அப்பரடிகள் கையில் உழவாரம் இருந்தது, அது அணிகலமன்று. திருமுற்றங்களிற் புல்லைச் செதுக்கி முதுமைகாறும் அவர் உழைத்தார். திருப்புகலூரில் அவ்வுழவாரம் நுழைந்த இடத்தே பொன்னும் மணியும் விளங்கக் கண்டும், அவற்றையும் பருக்கைக்கல்லோடு ஒப்பவே குளத்தில் எறிந்தார் எனப் பெரியபுராணம் கூறும். கையுழைத்தது, கருத்து கையின் வலிமையிலும் இல்லை, கிடைத்த பொன்னிலும் இல்லை. உடலோம்பல் பற்றாவதும் ஆகாததும் இவ்விடத்தே பிரிகின்றன. விளக்கைத் துடைத்துத் துடைத்து அதன் பளபளப்பையே நோக்கியிருப்பவன் அவ்வொளியால் ஒரு பொருளையும் காணான். கண்ணாடிமுன் நின்று தன் புயத்தை அளந்து மகிழ்வானும் அத்தகையனே.

பழனித் திருமலைக்கு 693 படிகள் உள. முதியோர்க்கும் பிணியுடையார்க்கும் இழுவை இரயிலும், 2004-இல் ஏற்பட்ட கம்பிவட ஊர்தியும் பேருதவி. வலிய இளையோர் அவற்றிற்காக நெடிது காத்துநின்று, ஊர் மீண்டபின் பயிற்சிக்கூடத்திற் பொருள் கொடுத்து நின்றவிடத்திலேயே நடக்கச்செய்யும் பொறியின்மேல் ஏறுதல் வியப்பிற்குரியது! மற்று, நலம் கருதித் திருக்கோயிற் பிராகாரத்தில் ஓட்டமும் நடையுமாகச் சுற்றுவாரும் உளர். வலம்வருதல் நிறைசூலி எண்ணெய்க்குடம் தாங்கி நடத்தல்போல் மெல்ல நிகழவேண்டும் என்பது ஆன்றோர் வகுத்த முறை. விரைந்து நடப்பார்க்கு மலையடி வீதியும் வயல்வரப்பும் உள.

மனையகத்தும் இதற்கு இடமுண்டு. ஆடவர் தலை, கையிரண்டு, செவியிரண்டு, மோவாய், புயமிரண்டு நிலத்திற் பொருந்த வணங்குதல் அட்டாங்கம். மகளிர் தலை, கையிரண்டு, முழந்தாளிரண்டு பொருந்த வணங்குதல் பஞ்சாங்கம். அவ்வணக்கம் மூன்றுமுறையிற் குறைதல் குற்றமென்ப. தாழ்ந்து எழுந்து மீளத் தாழ்வார்க்கு இடுப்பும் தொடையும் தோளும் ஒருங்கே இயங்குகின்றன. நாற்காலியிலிருந்தே வழிபாடு முடிப்பாருள் இயலாமையால் இருப்பார்மேற் குற்றமில்லை. பழக்கத்தால் இருப்பார் நிலத்தில் அமர்ந்தெழும் ஆற்றலையும் மெல்ல இழக்கின்றனர். நெஞ்சுநோயும் மூட்டுநோயும் உடையார் மருத்துவரைக் கேட்டே அளவறிந்து தொடங்குதல் வேண்டும்.

அளவு எல்லார்க்கும் ஒன்றன்று. பிறவியிலே கண்ணொளி இல்லாத தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தைப் பெருக்கக் கருதினார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு இடையே கயிறு கட்டி, அதனைத் தடவியே சென்று மண்ணைத் தோண்டிக் கூடையிற் சுமந்து கொட்டி மீண்டார்.